பதினெட்டு இடங்களில் வலி

லுகாஸி
4 பிப்ரவரி 1999

என் மகள் ஸ்கோவியாவுக்கு அம்மா எழுதுவது.

இரவு எப்படிக் கழிந்தது உனக்கு? எம்பராராவின் குளிர் நெஞ்சில் ஏறாமல் இருக்கிறதா? மருத்துவச்சிப் படிப்பு என்று சொல்லி அந்தக் கன்னியாஸ்திரிகள் உன்னைத் தரை துடைக்க வைக்கிறார்களா? நான் நன்றாக இருக்கிறேன். மரியாதைக்கு எழுதும் வார்த்தை இல்லை இது, உண்மையாகவே நன்றாக இருக்கிறேன்.

கம்பாலா டாக்டர் என் உடம்பில் பதினெட்டு இடங்களை விரலால் அழுத்தியதும், பதினாறில் நான் அலறியதும் உனக்குத் தெரியும். ஏழு வருஷமாக எக்ஸ்ரே சுத்தம், ரத்தம் சுத்தம், "ஒங்களுக்கு ஒண்ணுமே இல்ல டீச்சர், கவலையக் கொறைங்க" என்று திருப்பி அனுப்பியவர்களுக்கு நடுவில் அந்த மனுஷர்தான் என் வலிக்கு ஒரு பேர் வைத்தார். ஃபைப்ரோமயால்ஜியா. என் மூன்றாம் வகுப்புக்குச் சொல்வதெழுதல் வைத்தால் ஒருத்தனும் தேற மாட்டான். அவர் சொல்லித்தானே ஜிஞ்சா ஆஸ்பத்திரியில் சீன டாக்டர் ஷுவிடம் போனேன்? பத்து வாரம் ஆகிவிட்டது. காதில், கழுத்தில், கட்டைவிரல் இடுக்கில், முழங்காலுக்குக் கீழே முடி போல மெல்லிய ஊசிகள். குத்தும்போது வலிப்பதில்லை. உள்ளே யாரோ கனமாக இழுப்பது மாதிரி இருக்கும், அவ்வளவுதான். ஆறாவது வாரத்திலிருந்து நான் தூங்குகிறேன் ஸ்கோவியா. காலையில் எழுந்தால் அடித்துப் போட்டதுபோல் இல்லை. கரும்பலகையில் மேல் பாதியில் எழுதுகிறேன்! ஏழு வருஷமாக என் பிள்ளைகளுக்குக் கீழ்ப் பாதிதான் தெரியும்.

இப்போது கெட்ட செய்தி. டாக்டர் ஷுவுக்கு இரண்டு வருஷம் முடிந்து, மாதக் கடைசியில் ஊருக்குப் போகிறார். அடுத்து வருகிற சீனக் குழுவில் கண் டாக்டர் உண்டு, எலும்பு டாக்டர் உண்டு, ஊசி டாக்டர் இல்லையாம். "கவலப்படாதீங்கம்மா, எங்கிட்ட கத்துக்கிட்ட ஆளு ஒருத்தர் இருக்காரு. என்னைவிட அவருக்குக் கை நேர்த்தி" என்று கதவுப் பக்கம் காட்டினார். அங்கே யார் நின்றது தெரியுமா? உன் புருஷன்.

நான் துணியைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிவிட்டேன். மாப்பிள்ளையும் பாவம், சலவைக்கட்டு வழியாகச் சுற்றி ஓடியே போய்விட்டார். மருமகன் கை மாமியார்மேல் பட்டால் ஒபுகோ பிடித்துச் சாகும்வரை கைகால் நடுங்கும் என்று அந்தச் சீனருக்கு எந்த பாஷையில் புரியவைப்பது? ஏண்டி, ஜிஞ்சா முழுக்கத் தேடி, ஊசி தெரிந்த ஒரே ஆளைத்தானா நீ பிடித்தாய்? ஒரு தச்சர், ஒரு வேன் டிரைவர் கண்ணில் படவில்லையா?

வேளைக்குச் சாப்பிடு.
அம்மா


எம்பராரா
21 பிப்ரவரி 1999

அம்மா,

நேரில் என்றால் மண்டியிட்டு வணக்கம் சொல்லியிருப்பேன். காகிதம் என்பதால் நாற்காலியில் உட்கார்ந்தே சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இரவு எப்படிக் கழிந்தது? வீடு, பள்ளிக்கூடம், கோழிகள் எல்லாம் சுகமா?

உங்கள் கடிதத்தை விடுதியில் சத்தமாகப் படித்தேன். சலவைக்கட்டு வழியாக முயான்ஜா ஓடிய இடத்தில் இரண்டு பேர் கட்டிலிலிருந்து விழுந்தார்கள். அவரிடம் ஆஸ்பத்திரி ஃபோனில் பேசினேன். "எங்கம்மாவப் பாத்தீங்களாமே?" என்றேன். "நான் ஒரு சுவத்தத்தான் பாத்தேன்" என்றார். அவ்வளவுதான் வாயைத் திறந்தார். மாமியார் உடம்பைப் பற்றி மருமகன் பெண்டாட்டியிடம்கூடப் பேசக் கூடாதாம். ஆனால் மூன்றாம் நாள் தபாலில் ஓர் உறை வந்தது. யாருக்கு என்று பெயர் இல்லை. உள்ளே அவர் ஆஸ்பத்திரி பிசியோதெரபியில் தினமும் நோயாளிகளுக்குக் கற்றுத்தரும் பயிற்சிகளைப் படம் போட்டு வைத்திருந்தார். இத்துடன் அனுப்பியிருக்கிறேன். முழங்காலை நெஞ்சுக்கு இழுப்பது, கழுத்தை மெதுவாகச் சாய்ப்பது, சுவரில் விரல்களை நடக்கவிடுவது. முதலில் ஐந்து நிமிஷம் நடை, வாரத்துக்கு ஒரு நிமிஷம் கூட்டுங்கள். கீழே கொட்டை எழுத்தில் ஒன்று எழுதியிருக்கிறார், உங்களுக்காகவேதான்: உடம்பு நன்றாக இருக்கும் நாளில் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்யக் கூடாது.

இன்னொரு செய்தி. டிசம்பரில் படிப்பு முடிகிறது. ஜனவரி எட்டாம் தேதி கோயிலில் கல்யாணம். நாலு வருஷமாக ஊர் முறைப்படி மட்டும் புருஷன் பெண்டாட்டியாக இருந்தது போதும் என்று அவரே சொன்னார். பாதிரியார் தேதி கொடுத்துவிட்டார். நீங்கள் கரும்பலகையின் மேல் பாதியில் எழுதுகிற கையோடு வந்து நிற்க வேண்டும்.

உங்கள் ஸ்கோவியா


லுகாஸி
19 மார்ச் 1999

ஸ்கோவியா,

உன் இரவு நன்றாகக் கழிந்திருக்கும். என் இரவைக் கேட்காதே.

டாக்டர் ஷு போய் மூன்று வாரத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. ரவிக்கை தோளில் பட்டால் வலிக்கிறது. யாராவது அன்பாகக் கையைப் பிடித்தால் பிடுங்கிக்கொள்ளத் தோன்றுகிறது. பயிற்சி செய்யவில்லை என்று நினைக்காதே, தினமும் செய்கிறேன். எட்டு நிமிஷம் நடக்கிறேன். கொஞ்சம் இளகுகிறது, ஆனால் தூக்கம் வராத உடம்புக்கு எந்தப் பயிற்சி ஒட்டும்? மறுபடியும் பலகையின் கீழ்ப் பாதிக்கு இறங்கிவிட்டேன். நேற்று தலைமை ஆசிரியர் வகுப்பு வாசலில் நின்று, "டீச்சர், மேல் பாதியும் நம்ம பள்ளிக்கூடத்துதுதான், கூச்சப்படாம எழுதுங்க" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். அடுத்த வருஷம் எனக்கு வகுப்பு கொடுப்பாரா என்பது சந்தேகம்தான். பக்கத்து வீட்டுக்காரி வேறு, "மாப்பிள்ள மேல எங்கயாவது இடிச்சிட்டீங்களோ, கை நடுங்குதே" என்கிறாள்.

உன் அத்தை நலுபேகா வந்திருந்தாள். உன் கல்யாணச் சாமானைக் கை நீட்டி வாங்கியவள் அவள்தானே. பேச்சுக்கு நடுவில் விளையாட்டாக, "இந்த ஒபுகோ எப்பதான் தீரும்?" என்று கேட்டேன். "அவன் கொண்டாந்த சாமானத் திருப்பிக் குடுத்தா அன்னிக்கே தீந்துச்சு. அப்புறம் அவன் ரோட்டுல போறவன்தான. ஆனா கோயில்ல மோதிரம் மாத்திட்டான்னு வையி, ஒன்னப் பொதைக்கிற வரைக்கும் அவன் மாப்பிள்ள" என்றாள். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஜனவரிக்கு இன்னும் பத்து மாதம் இருக்கிறது. அவசரம் என்ன என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மா


எம்பராரா
11 ஏப்ரல் 1999

அம்மா,

உங்கள் இரவுகளைக் கேட்காதே என்றீர்கள். கேட்காமல் எப்படி இருப்பது? கடிதத்தைப் படித்து அழுதேன்.

வெந்நீர்ப் பை ஒன்று அனுப்பியிருக்கிறேன், கழுத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். முயான்ஜாவிடம் மறுபடி பேசினேன். "ஏதாவது வழி பண்ணுங்க, அவங்க என்னப் பெத்தவங்க" என்று சொன்னேன். "பொறு" என்றார். "எதுக்குப் பொறுக்கணும்?" என்றால் ஃபோனில் வேறு ஆள் பேச வேண்டும் என்று வைத்துவிட்டார். ஏதோ யோசனை வைத்திருக்கிறார், சொல்ல மாட்டேன் என்கிறார். அவர் குணம் அப்படி.

அவசரம் என்ன என்று கேட்டிருந்தீர்கள். நாலு வருஷமாகக் குழந்தை இல்லை அம்மா. அவருடைய ஆட்கள் வாய்விட்டு ஒன்றும் சொல்வதில்லை, ஆனால் ஒவ்வொரு முறையும் என் வயிற்றைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்க்கிறார்கள். அதெல்லாம் தெரிந்தே அவர் கோயிலில் மோதிரம் மாற்றலாம் என்கிறார். எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குப் புரியும்.

மண்டியிட்டு வணங்கும் மகள்
ஸ்கோவியா


லுகாஸி
9 மே 1999

மகளே,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? வெந்நீர்ப் பை வந்தது. நன்றி.

எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன். வியாழக்கிழமை வலி மாத்திரை வாங்க ஜிஞ்சாவுக்குப் போனேன். மாப்பிள்ளை எதிரில் வந்துவிடக் கூடாதே என்று அவர் பகுதிக்கு நேர் எதிரே, தூணுக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவர் அறைக்கதவு சாத்தியிருந்தது. நோயாளிகள் யாரும் உள்ளே போகவில்லை. இரண்டு மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. நகூயா என்று ஒரு நர்ஸ், இருபத்திரண்டு வயது இருக்கும், மடித்துவிட்ட சட்டைக் கையை இறக்கிக்கொண்டே சிரித்தபடி வந்தாள். பின்னாலேயே அவர். ஆஸ்பத்திரி கூட்டுகிற பெண்ணிடம் கேட்டேன். "எல்லா வியாழக்கிழமையும் இப்படித்தான் டீச்சர், கதவச் சாத்திருவாங்க" என்றாள்.

நான் எதையும் சொல்லவில்லை. கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதினேன். நீ நிம்மதியாகப் படி.

அம்மா


எம்பராரா
27 ஜூன் 1999

அம்மாவுக்கு,

ஏழு வாரம் எழுதவில்லை. நலமாக இருக்கிறீர்களா என்று கேட்கக்கூட என்னிடம் நல்ல மனசு இல்லை.

அவரிடம் கேட்டுவிட்டேன். "நகூயா யாரு?" என்றேன். சிரித்தார். "யாரு சொன்னா ஒனக்கு? அது வேலை விஷயம். கல்யாணத்தன்னிக்கு நானே சொல்றேன்" என்றார். சிரித்ததுதான் அம்மா தாங்கவில்லை. மறுத்திருக்கலாம், கோபப்பட்டிருக்கலாம். நான் ஃபோனை வைத்துவிட்டேன்.

நீங்கள் தப்பாகப் பார்த்திருக்கலாம் இல்லையா? கதவு சாத்தியிருந்தால் தப்பு என்று எப்படிச் சொல்ல முடியும்? வேறு ஏதாவது பார்த்தீர்களா? இருந்தால் எழுதுங்கள். இல்லை என்றால் இல்லை என்று எழுதுங்கள். பிரசவ வார்டில் கேட்ட கருவியை விட்டுவிட்டு வேறொன்றை எடுத்து நீட்டுகிறேன். நேற்று சிஸ்டர் என்னை வெளியே அனுப்பிவிட்டார்.

ஸ்கோவியா


லுகாஸி
3 ஜூலை 1999

என் கண்ணான மகளே,

உன் கடிதம் வந்த அன்றைக்கே பதில் எழுதுகிறேன், நீ தவித்துக்கொண்டிருப்பாய் என்று.

கேட்டாய், அதனால் சொல்கிறேன். போன சனிக்கிழமை ஜிஞ்சா டாக்ஸி நிறுத்தத்தில் அந்த நகூயாவைப் பார்த்தேன். நீல கொமேசி கட்டியிருந்தாள். தோளில் கூர் வைத்து, இடுப்பில் வெள்ளிக் கரைப் பட்டை போட்டது. உன் அத்தை உனக்குத் தைத்துக்கொடுத்த அதே நீலம், அதே பட்டை. எம்பராராவுக்குக் கொண்டுபோகாமல் ஜிஞ்சா வீட்டுப் பெட்டியில் வைத்துவிட்டுப் போனாயே, அது. நான் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். இடது கைமடிப்பில் நான் போட்டுக்கொடுத்த தையல்கூட அப்படியே இருந்தது.

ஆண்பிள்ளைகள் மாட்டிக்கொண்டால் சிரிப்பார்கள். உன் அப்பாவும் சிரித்தார். நாலு வருஷமாகப் பிள்ளை இல்லாத பெண்ணை ஒருவன் கோயிலுக்கு அழைக்கிறான் என்றால் வேறொருத்தியை எங்கோ வைத்துக்கொண்டுதான் அழைப்பான். இதைப் பெற்றவள் சொல்லாவிட்டால் யார் சொல்வார்கள்? மோதிரம் மாற்றிவிட்டால் அதற்குப் பிறகு வழியே கிடையாது. இப்போது என்றால் சாமானைத் திருப்பிக் கொடுத்தால் முடிந்தது. உன் அத்தை எப்போது வேண்டுமானாலும் தயார்.

என் உடம்பைப் பற்றிக் கவலைப்படாதே. நான் இருந்தபடி இருக்கிறேன்.

உன் நல்லதையே நினைக்கும்
அம்மா


எம்பராரா
30 ஆகஸ்ட் 1999

அம்மா,

நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

அத்தைக்கு எழுதிவிட்டேன். செப்டம்பர் பதினெட்டு, சனிக்கிழமை சாமான் திரும்பட்டும். சாமானோடு அவர் கொண்டுவந்த சேவலை அன்றைக்கே சாப்பிட்டுவிட்டோம், புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள். கஞ்சத்தனம் என்று பேர் வர வேண்டாம்.

அவர் இங்கே வந்தார். விடியுமுன் பஸ் ஏறி, மதியம் வந்து விடுதி கேட்டில் நின்றார். வாட்ச்மேன் மூன்று முறை வந்து, "அந்த மனுசன் போகமாட்டேங்கிறாரும்மா, ஒரு வார்த்தை பேசிட்டுப் போறேங்கிறாரு" என்றான். நான் போகவில்லை. ஜன்னலிலிருந்து அவர் தலை மட்டும் தெரிந்தது. நீல கொமேசியை நினைத்துக்கொண்டேன். இருட்டுவதற்கு முன் கடைசி பஸ்ஸில் போய்விட்டார்.

நான் அழுததாக யாரிடமும் சொல்ல வேண்டாம்.

ஸ்கோவியா


ஜிஞ்சா
20 செப்டம்பர் 1999

மாமியார் அம்மா அவர்களுக்கு முயான்ஜா வணக்கத்துடன் எழுதுவது.

உங்கள் இரவு எப்படிக் கழிந்தது என்று கேட்கும் உரிமை எனக்கு எப்போதும் இருந்ததில்லை. முன்பு மருமகன் என்பதால் இல்லை. சனிக்கிழமைக்குப் பிறகு யாரும் இல்லை என்பதால் இல்லை. முறையே போய்விட்டது, அதனால் முறை தவறி இந்த ஒரு கடிதம் எழுதுகிறேன்.

ஸ்கோவியா ஏன் இப்படிச் செய்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் நாத்தனார் சாமானை வைத்துவிட்டு, "அவளுக்கு இஷ்டம் இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதைப் பற்றி உங்களிடம் கேட்கப்போவதும் இல்லை.

டாக்டர் ஷு போன நாளிலிருந்தே எனக்கு ஒரு யோசனை இருந்தது. நான் உங்களைத் தொடக் கூடாது. ஆனால் ஒரு பெண் தொடலாம். எங்கள் பகுதியில் நகூயா என்று ஒரு நர்ஸ் இருக்கிறாள், கை நிதானம் உள்ளவள். மார்ச்சிலிருந்து வியாழக்கிழமைதோறும் அவளுக்கு ஊசி கற்றுக்கொடுத்தேன். தன் கையில் குத்திப் பார்த்தாள், என் கையில் குத்திப் பார்த்தாள். இன்னும் இரண்டு வாரத்தில் தனியாகச் செய்யலாம். திரைக்கு அந்தப் பக்கம் நான் நின்று, எந்த இடம் என்று குரல் மட்டும் கொடுப்பதாக இருந்தது. மாமியார் உடம்பைப் பற்றி ஸ்கோவியாவிடம் வாயைத் திறக்க முடியாததால் கல்யாணத்தன்று சொல்லலாம் என்று வைத்திருந்தேன். உங்களுக்கு என் பரிசம் அதுதான்.

இப்போது நானே உங்களுக்கு ஊசி போடலாம், தடை இல்லை என்று ஆட்கள் சொல்வார்கள். என்னால் முடியாது, மன்னியுங்கள். உங்கள் முன்னால் வந்து நிற்கும் தெம்பு எனக்கு இல்லை. ஆனால் நகூயா கற்றதை வீணாக்க வேண்டாம். அக்டோபர் ஏழிலிருந்து வியாழக்கிழமை பத்து மணிக்கு வாருங்கள். நான் அந்த நேரம் வேறு வார்டில் இருப்பேன்.

முயான்ஜா


லுகாஸி
24 அக்டோபர் 1999

அன்பு மகளே,

படிப்பு எப்படிப் போகிறது? கடைசித் தேர்வு நெருங்கிவிட்டதே, வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

இங்கே மழை நன்றாகப் பெய்கிறது. வாழைக்காய் விலை இறங்கிவிட்டது. சேவல் விஷயத்தில் குறை வரவில்லை, உன் அத்தை நல்ல பெரிய சேவலாகவே கொடுத்தாள். என் உடம்பும் இப்போது பரவாயில்லை. நடை பதினைந்து நிமிஷத்துக்கு வந்துவிட்டது. பயிற்சியின் பலன் மெதுவாகத்தான் தெரியும்போல. தலைமை ஆசிரியர் அடுத்த வருஷமும் மூன்றாம் வகுப்பை எனக்கே கொடுத்திருக்கிறார்.

ஜிஞ்சா பக்கம் செய்தி ஒன்றும் இல்லை. நீயும் அந்தப் பக்கம் போகாதே. பெட்டியை எடுக்க வேண்டும் என்றால் சொல்லு, ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளலாம். நீ போய் மனசைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

அம்மா


கம்பாலா
19 டிசம்பர் 1999

அம்மாவுக்கு,

தேர்வில் தேறிவிட்டேன். இங்கே ஒரு பிரசவ விடுதியில் வேலை கிடைத்திருக்கிறது, ஜனவரியிலிருந்து.

நீங்கள் வேண்டாம் என்றும் பதினாறாம் தேதி ஜிஞ்சாவுக்குப் போனேன். அவர் வேலைக்குப் போயிருந்தார். அவருடைய தங்கை கதவைத் திறந்துவிட்டாள். பெட்டியில் மேலே பழைய போர்வை, அதற்குக் கீழே என் புத்தகங்கள். அடியில் நீல கொமேசி. நான் மடித்த மடிப்பு கலையவில்லை. இரண்டு மடிப்புக்கு நடுவில் நான் போட்ட பூச்சி உருண்டைகூட நகரவில்லை.

முதலில் நினைத்தது என்ன தெரியுமா? அம்மா ஆளை மாற்றிப் பார்த்திருப்பார்கள், பாவம், கண் சரியில்லை என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்க ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அன்றைக்கு வியாழக்கிழமை. திரை பாதி விலகியிருந்தது. நீங்கள் குப்புறப் படுத்திருந்தீர்கள். கழுத்தில் ஆறு ஊசி, முதுகில் எட்டு. நகூயா, "வலிக்குதாம்மா?" என்றாள். "இல்லடி என் தங்கமே" என்றீர்கள். பிறகு நீங்கள் குறட்டை விட்டீர்கள். நான் அங்கேயே நின்று எண்ணிக்கொண்டிருந்தேன், எத்தனை வாரமாக இது நடக்கிறது என்று.

அவரை எலும்பு வார்டில் கண்டுபிடித்தேன். நீங்கள் எழுதியதை எல்லாம் சொன்னேன். "நீ வந்து கேட்டிருக்கலாம். கேட்டுல அஞ்சு மணி நேரம் நின்னேன் ஸ்கோவியா" என்றார். நான் காலில் விழுந்தேன், வார்டில் எல்லோரும் பார்க்க. "எந்திரி" என்றார். "போன வாரம் எங்க ஆளுங்க நகூயா வீட்டுக்குச் சாமானோட போயிட்டு வந்துட்டாங்க. கோயில்ல தேதி இருந்துச்சில்ல, அத அப்படியே வச்சுக்கிட்டோம்."

ஜனவரி எட்டாம் தேதி அம்மா. என் தேதி.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். டாக்ஸி நிறுத்தத்தில் அந்த நீலத்தைப் பார்த்தீர்களா, இல்லையா? ஆமாம் அல்லது இல்லை. வேறு எதையும் எழுத வேண்டாம்.

ஸ்கோவியா


லுகாஸி
16 ஜனவரி 2000

ஸ்கோவியா,

இல்லை.

நீ வேறு எதையும் எழுத வேண்டாம் என்றாய். நான் டீச்சர், ஒரு வார்த்தையில் பதில் எழுதினால் என் பிள்ளைகளுக்கே மதிப்பெண் குறைப்பவள். அதனால் எழுதுகிறேன். படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

உன் அத்தை அந்த வார்த்தையைச் சொன்ன அன்றைக்கு நான் உண்மையாகவே சிரித்தேன். மூன்று நாள் கழித்துத்தான் அது உள்ளே இறங்கியது. சாமான் திரும்பினால் அவர் ரோட்டில் போகிறவர். ரோட்டில் போகிறவர் எனக்கு ஊசி போடலாம். அதற்குப் பிறகு நான் வேறு எதையும் நினைக்கவில்லை. கதவு சாத்தியிருந்ததை நிஜமாகவே பார்த்தேன். உள்ளே ஏதாவது தப்பு நடக்கட்டும் என்று கோயிலில் முழங்காலிட்டு வேண்டிக்கொண்டேன், அந்த முழங்காலோடு. நீ "வேறு ஏதாவது பார்த்தீர்களா" என்று எழுதியதும் நீல கொமேசியை நான்தான் உண்டாக்கினேன். எழுதிவிட்டு ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். கைமடிப்புத் தையல் இல்லாமல் நம்பும்படியாக இல்லை, அதனால் அதையும் சேர்த்தேன்.

அவருடைய கடிதம் செப்டம்பரிலேயே வந்தது. அவள் எனக்காகத்தான் கற்றுக்கொண்டாள் என்று அன்றைக்கே தெரியும். அப்போதே உனக்கு எழுதியிருந்தால் எல்லாம் திரும்பியிருக்கும். அதுவும் எனக்குத் தெரியும். உனக்கு எழுதினால் அவருக்குத் தெரியும், அவருக்குத் தெரிந்தால் அவள் ஊசியைக் கீழே வைத்துவிடுவாள் என்று பயந்தேன். அவர்களுக்கு எல்லாம் தெரிந்த பிறகும் அவள் ஊசியை வைக்கவில்லை. "ஒங்க மேல எனக்குக் கோவம் இருக்கும்மா, ஆனா வலிக்குக் கோவம் தெரியாதுல்ல, படுங்க" என்றாள். பயந்தது வீண்.

எட்டாம் தேதி கோயிலுக்கு நான் போகவில்லை. அந்த அளவுக்கு எனக்கு வெட்கம் இருக்கிறது.

நீ என்னை ஒருபோதும் மன்னிக்க மாட்டாய். அழுகிறேனா என்றால் அழுகிறேன். ஆனால் விளக்கை அணைத்தால் தூங்கிவிடுகிறேன் ஸ்கோவியா, விடியும்வரை, ஒரே தூக்கமாக. ஏழு வருஷம் தூங்காத உடம்பு என்ன செய்யும் என்று உனக்குத் தெரியாது. தெரிய வேண்டாம் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன். அந்த மார்ச் மாதம் திரும்பி வந்தால் வேறு மாதிரி நடப்பேன் என்று எழுதலாம்தான். உன்னிடம் ஒரு பொய் போதும்.

கம்பாலாவில் வெயில் எப்படி? புது வேலை பிடித்திருக்கிறதா? முதல் பிரசவம் பார்த்துவிட்டாயா? என் முகத்தைப் பார்க்க என்றாவது மனசு வந்தால், முன்கூட்டி எழுதக்கூட வேண்டாம், வந்துவிடு. வியாழக்கிழமை தவிர எந்த நாளும் வீட்டில்தான் இருப்பேன்.

அம்மா